காணப்படாதோர் புத்தகம்

டென்மார்க்கில் பலர் ஓய்வு நேரத்தில் இறந்தவர்களைத் தேடுகிறார்கள். வந்த புதிதில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பகிடி என்று நினைத்திருப்பேன். ஹொல்ஸ்டெப்ரோவில் நான் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலையில், மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் கிர்ஸ்டன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மதிய இடைவேளையில் கறுத்த ரொட்டியின் மேல் மீன் துண்டை வைத்துக் கடித்தபடியே, வீட்டில் அச்செடுத்துக் கொண்டுவந்த தாள்களை மேசையில் பரப்பிவிடுவாள். எல்லாம் பழைய தேவாலயப் பதிவேடுகளின் பக்கங்கள். எறும்பு ஊர்ந்ததுபோன்ற கையெழுத்து. பெரிய கண்ணாடி ஒன்றை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு, "இவர் என் பாட்டனின் அண்ணன். காசநோயில் போய்விட்டார், பாவம்" என்று, நேற்றுக் கடையில் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள். நான் சோற்றுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்களுக்கும் இறந்தவர்கள் இருக்கிறார்கள். சுவரில் படமும் ஆண்டுக்கொரு திவசமும் அவர்களுக்குப் போதும். அவர்களை இப்படித் துரத்திப் பிடிப்பது எனக்கு விநோதமாகத்தான் இருந்தது.

கிர்ஸ்டன் அந்த வருடம் தேடிக்கொண்டிருந்தது ஜொஹன்னா என்ற தன் பூட்டியை. ஜொஹன்னா மேற்குச் சுவீடனின் காட்டுப்பக்கத்தில் பிறந்து, வறுமையில் கப்பலேறி டென்மார்க்குக்குப் பால் கறக்கும் வேலைக்கு வந்தவள். அந்தக் காலத்தில் சுவீடன்காரர்கள் இங்கே கூலிகளாக வந்தார்கள் என்பதே எனக்குப் புதிது. "உன்னைப்போலத்தான், அவளுக்கும் இங்கே மொழி தெரியாது" என்றாள் கிர்ஸ்டன். அன்பாகத்தான் சொன்னாள். பால் கறக்க வருவதற்கும் போரில் செல்லடிக்குப் பயந்து வருவதற்கும் இடையே உள்ள தூரத்தை விளக்க என் டேனிஷ் போதாது.

அவள் சொல்லித்தான் சுவீடனின் குடிசனப் பதிவுகளின் கதை எனக்குத் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த ஒரு தேவாலயச் சட்டம், ஒவ்வொரு பங்கின் குருவும் தன் மக்களை வீடுவீடாக எழுதிவைக்க வேண்டும் என்றது. குரு ஆண்டுதோறும் ஊருக்குள் வந்து எல்லாரையும் ஒரு வீட்டில் கூட்டி, வாசிக்கத் தெரிகிறதா, வேதபாடம் தெரிகிறதா என்று சோதிப்பார். அவரவர் பெயருக்கு நேரே சின்னச் சின்னக் குறிகள் போடுவார். அதே பக்கத்தில் யார் பிறந்தார், யார் அம்மை போட்டு மீண்டார், யாருக்குக் கண் தெரியாது, யார் எந்த ஊருக்குப் போனார் என்பதும் இருக்கும். ஒருவர் ஊர் மாறினால் பழைய பங்கின் குருவிடம் கடிதம் வாங்கிப் புதிய பங்கில் கொடுக்க வேண்டும். ஒரு புத்தகத்திலிருந்து இறங்கி இன்னொரு புத்தகத்தில் ஏறுவதுபோல. பிறகு அரசாங்கம் பத்தாண்டுக்கு ஒரு தடவை குடிசனக் கணக்கு எடுக்கத் தொடங்கியபோதும், அதிகாரிகள் கதவு தட்டிக் கேட்கவில்லை. குருமார் தங்கள் புத்தகத்தைப் பார்த்துப் பிரதிபண்ணி அனுப்பினார்கள். கணக்கு ஏற்கெனவே அங்கே இருந்தது. "பண்ணைக் கூலியின் பிள்ளை ஒரு நாள் இருந்து செத்தாலும் அதற்கு ஒரு வரி இருக்கும்" என்றாள் கிர்ஸ்டன், பெருமையாக. அது தன் நாடுகூட இல்லை என்பதை அவள் மறந்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்த நாட்கள் அவை. என் தங்கை வதனி, அவளுடைய கணவன் ரவி, மூத்த மகள் துளசி மூவரும் வன்னிக்குள் இருந்தார்கள். வதனி அப்போது ஏழு மாதம். யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்த காலத்திலிருந்து அவர்கள் வீடு என்று சொன்ன இடங்கள் ஒவ்வொன்றாகக் கிழக்கே நகர்ந்தன. கிளிநொச்சி, தருமபுரம், சுதந்திரபுரம், பிறகு கடற்கரையோரம் மாத்தளன். இங்கே எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைவதில்லை. என் கணவர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கணினிக்கு முன்னால் இருப்பார். டென்மார்க் ஊர்களில் இருந்தெல்லாம் தமிழர்கள் பேருந்துகளில் கோபனேகன் போய்ப் பனிக்குள் பதாகை பிடித்து நின்றார்கள். நானும் போனேன். தெருவோரத்தில் சைக்கிளை நிறுத்திய ஒருவர் என்னிடம், "நீங்கள் எந்த நாட்டுக்காகக் கேட்கிறீர்கள்?" என்றார். சொன்னேன். "ஆ, அங்கே கடற்கரை அழகு, போன வருடம் போனோம்" என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய களைப்பு ஒன்று வந்தது.

மார்ச்சில் ஒரு நாள், நான் வேலை உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. செய்மதித் தொலைபேசி வைத்திருந்த யாரிடமோ வரிசையில் நின்று வதனி எடுத்திருந்தாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது.

"அக்கா, பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை. தறப்பாள் கொட்டிலுக்குள்ளதான் பெத்தனான். ஒரு மருத்துவிச்சி அம்மா நிண்டவ."

"நீ எப்பிடி இருக்கிறாய்? சாப்பிட்டியோ?"

"கஞ்சி குடுக்கினம். பாலுதான் வருகுதில்லை."

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"இன்னும் வைக்கேல்லை. முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும் எண்டு இவர் சொல்லுறார். அதுக்கிடையில சண்டை நிண்டிடும் எண்டு சனம் கதைக்குது."

பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். "வைக்கிறன் அக்கா, ஆக்கள் நிக்கினம்" என்றாள். நான் பிள்ளை யாரைப்போல இருக்கிறது என்று கேட்க நினைத்து வாயைத் திறந்தேன். இணைப்புப் போய்விட்டது. அதன்பின் எந்தக் குரலும் இல்லை.

மே நடுப்பகுதியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். கொழும்பில் வெடி கொளுத்தியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை. அழுவதற்கு யார் செத்தார் என்று தெரிய வேண்டும் அல்லவா. இங்கே பிறந்த என் மகள் மட்டும் அறைக் கதவில் நின்று, "Er moster død?" என்று கேட்டாள். சித்தி செத்துவிட்டாவா என்று. அவளுக்கு அந்தக் கேள்வி டேனிஷில்தான் வந்தது.

அந்த நாட்களிலும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிவரும். என் தங்கையைக் காணவில்லை என்று கிர்ஸ்டனுக்குச் சொல்லியிருந்தேன். அவள் பாரமான கூடைகளைத் தானே இழுத்துவிடுவாள். அப்படி ஒரு காலை, உடுப்பு மாற்றும் அறைக்குள் அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்து, "கண்டுபிடித்துவிட்டேன், அவளைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்றாள்.

நான் சுவரோரத்து வாங்கில் இருந்துவிட்டேன். "எங்கே? உயிரோடு இருக்கிறாளா?" என்று கேட்டேன்.

கிர்ஸ்டனுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். தான் செய்தது என்ன என்பது அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அவள் கண்டுபிடித்தது ஜொஹன்னாவை. என் பக்கத்தில் வந்திருந்து, "மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குச் சொந்தமான அழுகையை அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். சமையலறை மேசையில் கணினியைத் திறந்து, ஜொஹன்னாவின் பக்கத்தைக் காட்டினாள். சொந்த ஊரின் புத்தகத்தில் அவள் பெயர் கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தது. ஊரைவிட்டுப் போகும்போது அவள் குருவிடம் கடிதம் வாங்கவில்லை. ஆள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. சில ஆண்டுகள் பார்த்துவிட்டு, குரு அவளைப் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு மாற்றியிருந்தார். அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் இருந்தது. கிர்ஸ்டன் விரலால் தொட்டு வாசித்தாள். "ஒபெஃபின்ட்லிக்." காணப்படாதவர்கள். இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாதவர்கள், செத்தார்கள் என்றும் எழுத முடியாதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு தனி இடமே வைத்திருந்தார்கள்.

"பார், இவளைக் காணவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் இவள் இங்கே, யூலண்டில், மாட்டுக்கொட்டிலில் நிற்கிறாள். கலியாணம் முடித்து ஏழு பிள்ளைகள். காணப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை" என்றாள் கிர்ஸ்டன்.

அவள் எனக்கு நம்பிக்கை தரத்தான் அதைச் சொன்னாள். அது அன்று வேலை செய்யவும் செய்தது. வீடு திரும்பி, பல நாட்களுக்குப் பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டேன். அந்த நம்பிக்கை ஒரு முள்ளைப்போல உள்ளேயே முறிந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

யூன் முடிவில் வதனி எடுத்தாள். செட்டிகுளம் முகாமில் இருந்து, யாருடையதோ கைத்தொலைபேசியில். நான் "வதனி, வதனி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் நிறுத்தச் சொன்னாள்.

"அக்கா, கேளுங்கோ. கன நேரம் கதைக்கேலாது. நானும் துளசியும் இருக்கிறம்."

"ரவி?"

"கஞ்சி வாங்கப் போனவர். வரேல்லை. நாங்கள் ரெண்டு நாள் அந்தப் பங்கருக்குள்ளயே பாத்துக்கொண்டு இருந்தம். பிறகு சனமெல்லாம் வெளிக்கிட, நாங்களும் வெளிக்கிட்டிட்டம்."

"பிள்ளை?"

"அது முதலே போட்டுது. காய்ச்சல். பாலுமில்லை. இவர் கையாலதான் மண்ணைத் தோண்டித் தாட்டவர். முப்பத்தொண்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது அக்கா."

பிறகு அவள், நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள். "அக்கா, இஞ்ச எங்களைப் பதிஞ்சவை. பிள்ளையைப் பற்றிச் சொன்னன். பிறப்புப் பதிவு இருக்கோ எண்டு கேட்டினம். அது எங்க எடுக்கிறது? பிறந்தது எண்டு பதிவில்லாட்டி செத்தது எண்டும் பதியேலாதாம். நீங்கள் வெளிநாட்டில இருக்கிறியள். அங்க எங்கயாவது எழுதிவைக்கேலாதோ? நான் பெத்தனான் எண்டு ஒரு இடத்தில இருக்கட்டும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் பிள்ளை பிறந்தால், நாங்கள் சைவராக இருந்தாலும், தேவாலயத்தின் அலுவலகத்தில்தான் பதிவார்கள். 'கியர்க்ககொந்தோர்' என்பார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அங்கே பதியப்பட்டவர்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். கணவர் போகவேண்டாம் என்றார். "விசர் வேலை பாக்காதையப்பா. அவங்கள் என்ன செய்யிறது?" என்றார். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் இருந்த பெண் மென்மையானவள். பிள்ளை ஒன்றைப் பதிய வேண்டும் என்றதும் எழுந்து கைகொடுத்து, "வாழ்த்துக்கள்" என்றாள். நான் திருத்தினேன். என்னுடையது இல்லை, தங்கையின் பிள்ளை. "ஓ, அப்படியானால் தங்கையும் வரவேண்டும்" என்றாள். தங்கை இங்கே இல்லை என்றேன். பிள்ளை எங்கே என்று கேட்டாள். இறந்துவிட்டது என்றேன். உடனே அவள் குரலைத் தாழ்த்தி, அடக்கத்துக்கு எந்த நாள் வேண்டும் என்று நாட்காட்டியைப் புரட்டினாள். அடக்கமும் முடிந்தது என்றேன். அவள் கடைசியில் கேட்டாள், "பிள்ளையின் பெயர் என்ன?"

பெயர் இல்லை என்பதைச் சொல்ல டேனிஷில் மூன்று சொற்கள் போதும். என்னால் அவற்றைச் சேர்க்க முடியவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். இங்கே பிறக்காத பிள்ளையை இங்கே எழுத முடியாது என்று, என் தோளைத் தொட்டு, திரும்பத் திரும்ப விளக்கினாள். அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. வேண்டுமானால் மெழுகுதிரி ஒன்று ஏற்றலாம் என்றாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வாகனத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட ஒரு வரியைக் கிர்ஸ்டன் எனக்குக் காட்டியிருந்தாள். பண்ணைக் கூலி ஒருவரின் பெண் குழந்தை, ஞானஸ்நானம் பெறாதது, பெயரில்லை, இறந்தது. ஒரு குரு குளிருக்குள் மை தொட்டு அதை எழுதியிருக்கிறார். எங்கள் பிள்ளை பிறந்தபோது மாத்தளன் மணல் திட்டை ஆகாயத்தில் இருந்து படம் பிடித்தார்கள். தறப்பாள் கூரைகளை உலகமே பார்த்தது. கூரைக்குக் கீழே எத்தனை பேர் என்பதைப் பற்றி நாடுகள் வாக்குவாதப்பட்டன. அந்த வாக்குவாதத்தின் எந்த எண்ணிக்கைக்குள் எங்கள் பிள்ளை இருக்கிறாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

முடியவில்லை என்று வதனிக்குச் சொன்னேன். "சரி அக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. கிர்ஸ்டனிடமும் சொன்னேன். அவள் அன்று தாள்களைப் பரப்பவில்லை. கொஞ்ச நாட்களுக்கு மேசையில் ரொட்டி மட்டும் இருந்தது. பிறகு மெதுவாக மறுபடியும் தொடங்கினாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுடைய இறந்தவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

வதனி முகாமில் இருந்து விடப்பட்டு, விசுவமடுப் பக்கம் மீள்குடியேறி, தகரம் போட்ட ஒரு வீட்டில் இருக்கத் தொடங்கிய பின்புதான் எனக்கு ஊருக்குப் போகத் துணிவு வந்தது. போய்ச் சேர்ந்த அன்று காலை அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அழவில்லை. "மெலிஞ்சு போனியள் அக்கா" என்றாள், எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு. மத்தியானத்துக்கு முன் குடிசன மதிப்பீட்டுக்கு ஆள் வந்தது. நாடு முழுவதும் கணக்கெடுக்கும் காலம் அது. வந்தவ பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் இளம் ரீச்சர். வெயிலில் நடந்து களைத்திருந்தா. வாசலில் கிடந்த கதிரையில் இருந்து, தாள்களை மடியில் வைத்துக்கொண்டா.

"வீட்டில எத்தினை பேர்?"

"ரெண்டு பேர். நானும் மகளும்."

"நீங்கள் கலியாணம் முடிச்சனீங்களோ, இல்லாட்டி..." ரீச்சர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் பேனையைப் பார்த்தா.

"முடிச்சது எண்டு போடுங்கோ."

"அவர் இஞ்ச இருக்கிறாரோ?"

"இல்லை."

"வெளிநாட்டிலயோ?"

"தெரியாது."

அப்படிப்பட்டவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ரீச்சர் அதில் ஏதோ எழுதினா. கேட்கக் கூடாது என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. அவவுடைய வீட்டிலும் அப்படி யாராவது இருந்திருக்கலாம்.

"எத்தினை பிள்ளையள்?"

நான் வதனியைப் பார்த்தேன். அவள் துளசியின் தலையில் கை வைத்திருந்தாள்.

"ஒண்டு" என்றாள்.

ரீச்சர் எழுதினா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள்?" என்று கேட்டா. அக்கா என்றும் டென்மார்க்கில் இருந்து வந்து நிற்கிறேன் என்றும் சொன்னேன். "அப்ப உங்களை இதில போடேலாது அக்கா. குறை நினையாதேங்கோ" என்றா. ஓம், தெரியும் என்றேன். கதவில் எண் போட்ட ஒரு தாளை ஒட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வளவுக்குப் போனா.

அவ போனபின் வதனியிடம், "ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா எங்க பிறந்தது, எந்த ஆசுப்பத்திரி, பேர் என்ன எண்டு கேப்பினம். பேரில்லை எண்டு ஒவ்வொருத்தருக்கும் என்னால சொல்லேலாது அக்கா" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சோறும் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும் சமைத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டவள், பாதியில் நின்று துளசியைப் பார்த்தாள். அந்த வீட்டில் சாப்பாட்டுக் கோப்பை இரண்டுதான் இருந்தது. துளசி எழுந்து, வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவள் எனக்கொரு கோப்பை இரவல் வாங்கிக் கொண்டுவரும்வரை நாங்கள் இருவரும் நிலத்தில் இருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது.